மாத்திடு தம்பி, எல்லாத்தையும் மாத்திடு!

ரொம்ப நாளாகவே இதை எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. போன மாதம் நடந்த ஒரு சம்பவம் பொறுமையை உடைத்துவிட்டது. ஆகவே மக்களே, இது ஒரு திட்டும் கட்டுரை. எந்தக் கடையையும் பெயர் சொல்லித் திட்டப்போவதில்லை. ஒரே ஒரு வார்த்தையைத்தான் திட்டப்போகிறேன். "மாத்திடு" என்கிற வார்த்தையை.

நம்ம வகுப்பில் ஒருத்தன். வீடு மரக்காணம் உப்பளத்துப் பக்கம். விடிகாலையில் ஈ.சி.ஆர். ஓரக் கிராமங்களில் பேப்பர் போட்டுவிட்டு, அதே சைக்கிளில் வந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவான். யாரிடமோ பழசாக வாங்கிய 21 கியர் சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. கொஞ்ச நாளாகக் கியர் போட்டால் விழுவதில்லை, விழுந்தால் நிற்பதில்லை. ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கிக்கூட வைக்கவில்லை. இரண்டு தடவை பட்டனைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "இதெல்லாம் பழைய செட்டு தம்பி. 9 ஸ்பீடுக்கு மாத்திடு. டிரெய்லர், ஷிஃப்டர், செயின், கேசட்டு, கேசட்டு போடணும்னா பின்வீலும் மாத்தணும். 9,800 ஆகும்."

அவன் என்னிடம் 3,000 ரூபாய் கடன் கேட்டு வந்தான். மாசம் அக்டோபர். மழை ஆரம்பித்துவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது, ஜனவரி வரைக்கும் அவன் வீட்டில் பேப்பர் காசும் ஒரு பங்குதான். என்னிடம் 3,000 இருந்திருந்தால் கொடுத்திருப்பேன், அதுவும் வீணாகியிருக்கும். நல்லவேளை, நானும் ஏழை :-)

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் செலவு 240 ரூபாய். அது எப்படி என்பதைச் சொன்னால்தான் நான் திட்டுவதில் நியாயம் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியும்.

பின்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கை மாதிரி தொங்குகிறதே, அதுதான் டிரெய்லர். (அதன் சரியான உச்சரிப்பு வேறு என்று பிரெஞ்சு படித்த பாண்டிச்சேரி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். கடையில் டிரெய்லர்தான்.) அதற்கு மூளை கிடையாது. கைப்பிடியில் ஒரு 'டிக்' தட்டினால் ஒயர் ஒரு குறிப்பிட்ட அளவு இழுபடும், அந்த அளவுக்கு அது நகரும், அவ்வளவுதான். ஷிமானோவின் பழைய 6 முதல் 9 ஸ்பீடு வரையிலான செட்டுகளில் ஒயர் 1 மில்லிமீட்டர் இழுத்தால் டிரெய்லர் சுமார் 1.7 மில்லிமீட்டர் நகரும். 7 ஸ்பீடில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர். ஆக ஒரு 'டிக்'குக்கு ஒயர் நகர்வது 3 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இப்போது அந்த ஒயர் குழாய்க்குள் துருவில் சிக்கி 1 மில்லிமீட்டர் தடுமாறினால் என்ன ஆகும்? டிரெய்லர் 1.7 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். போகவேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நின்று 'கிறீச் கிறீச்' என்று புலம்பும்.

அடுத்தது இதைவிட முக்கியம். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது இழுப்பது உங்கள் கட்டைவிரல். விரலுக்குப் பலம் உண்டு, துருப்பிடித்த ஒயரையும் இழுத்துவிடும். சின்னச் சக்கரத்துக்கு இறக்கும்போது இழுப்பது யார்? டிரெய்லருக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். ஒயரைத் தளர்த்திவிடுவதோடு ஷிஃப்டரின் வேலை முடிந்தது. ஒயர் குழாய்க்குள் உராய்ந்தால் ஸ்பிரிங் தோற்றுப்போகும். ஆகவே கியர் ஏறும்போது ஒழுங்காக ஏறி, இறங்கும்போது மட்டும் தாமதமாகி, இரண்டு மிதி கழித்துத் 'தடக்' என்று விழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரும் அவுட்டரும்தான். டிரெய்லர் இல்லை, ஷிஃப்டர் இல்லை, "பழைய செட்டு" நிச்சயமாக இல்லை.

நண்பனின் சைக்கிளில் சரியாக இதுதான். ஏறியது, இறங்கவில்லை. கடையில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பெடலைச் சுற்றிப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஷிஃப்டரை மட்டும் இறக்கமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒயர் தொளதொளவென்று ஆகிவிடும். இப்போது ஃபிரேமில் இருக்கும் பிளவுகளிலிருந்து அவுட்டரை வெளியே எடுத்து, ஒயரின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வெண்ணெயாகப் போகணும். மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். அப்படியே டிரெய்லரையும் கையால் உள்ளே தள்ளி விட்டுப் பாருங்கள். படாரென்று திரும்பி வந்தால் அதன் ஸ்பிரிங்குக்கு ஒரு நோயும் இல்லை.

நாங்கள் தள்ளிப் பார்த்தோம். படாரென்று வந்தது. 9,800 ரூபாய்க்குச் சாகடிக்கச் சொன்ன சாமான் அது.

அவுட்டரைக் கழற்றினால் இன்னொரு கூத்து. பின்னால் டிரெய்லருக்குப் போகும் கடைசி வளைவில் இருந்தது கியர் அவுட்டரே இல்லை, பிரேக் அவுட்டர்! இரண்டும் வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெட்டிப் பார்த்தால் தெரியும். பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். கியர் அவுட்டருக்குள் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் ஓடும். சுருள் கம்பி அழுத்தினால் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும். பிரேக்குக்கு அது பரவாயில்லை. மில்லிமீட்டர் கணக்கில் வேலை செய்யும் கியருக்கு அது எமன். முன்பு யாரோ ஒருவர் கையில் இருந்ததை வெட்டிப் போட்டிருக்கிறார். அதற்கும் காசு வாங்கியிருப்பார்.

சரி, ஒயர் ஏன் இப்படித் துருப்பிடிக்கிறது? நம்ம ஊர் அப்படி. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் காற்று கொண்டுவருவது சுத்தமான உப்பு இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருக்கும் சமாசாரம் அதுதான். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் மே மாதம் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் மரக்காணம் பக்கத்துச் சைக்கிளின் இரும்பு ராத்திரி முழுக்க நனைந்துகொண்டேதான் இருக்கிறது. நமக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதோடு வானூர் பக்கத்துச் செம்மண் புழுதியைச் சேருங்கள். திருவக்கரை ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கல்மரம் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் புழுதியைத்தான். உப்பு ஈரம், செம்மண், போன வருடத்து எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் அது பட்டறையில் பல் தேய்க்கப் பயன்படுத்தும் அரைப்புக் களிம்புக்குச் சமம். டிரெய்லருக்குப் போகும் அந்தக் கடைசி வளைவு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரும் புழுதியும் அதில்தான் போய்ச் சேரும்.

இப்போது "மாத்திடு" கட்சிக்கு வருகிறேன்.

அவர்கள் வாதம், அதிக ஸ்பீடு செட்டு போட்டால் இந்தத் தொல்லை போய்விடும் என்பது. கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது. 7 ஸ்பீடில் பல்சக்கர இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றேன் அல்லவா? 8 ஸ்பீடில் 4.8. 9 ஸ்பீடில் 4.35. சக்கரங்களை நெருக்கி அடுக்கினால்தான் அதே இடத்தில் ஒன்பதை நுழைக்க முடியும். ஒயர் அதே 1 மில்லிமீட்டர் சிக்கினால் 7 ஸ்பீடில் தவறு 34 சதவீதம், 9 ஸ்பீடில் 39 சதவீதம். அதாவது அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் குணம் குறைகிறது. உப்புக் காற்றில் ஓடும் சைக்கிளுக்கு இன்னும் நுணுக்கமான, இன்னும் கோபக்காரச் செட்டை மாட்டிவிட்டு, பழைய அவுட்டரையே அதில் சொருகிக் கொடுத்தால் அந்த 9,800 ரூபாய்க்கு ஆயுள் எத்தனை மாதம்?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், மலைச் சைக்கிளுக்கான 10 ஸ்பீடு முதல் ஷிமானோ அந்த 1.7 என்ற விகிதத்தைக் குறைத்துவிட்டது; ஒயர் கூடுதலாக இழுபடுவதால் அழுக்கின் விளைவு குறையும். உண்மைதான். ஆனால் அதை யார் நமக்கு விற்கிறார்கள்? நம்ம சைக்கிளில் இருப்பது மரையில் திருகி மாட்டும் ஃப்ரீவீல். கேசட் ஏற வேண்டுமானால் ஹப் மாற வேண்டும். ஹப் மாறினால் வீல். செயின் மெலிதாகும். ஷிஃப்டர் மாறும். ஷிஃப்டர் பிரேக் பிடியோடு ஒட்டியிருந்தால் அதுவும் போகும். ஒரு பொருள் வாங்கப்போய் ஆறு பொருள் வாங்குவது இதுதான். ஃபிரேமும் பெடலும் மட்டும் பழசு. பாட்டி சுட்ட வடை கதையில் பாட்டி மட்டும் மிச்சம்.

காமர்ஸ்காரன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் படித்தோமே, முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று. கட்டடம் வாங்கினால் முதலினம், வெள்ளையடித்தால் வருவாயினம். கியர் ஒயர், அவுட்டர், செயின், பிரேக் கட்டை எல்லாம் வெள்ளையடிப்பு. வருடா வருடம் செய்தே ஆகவேண்டும், குறிப்பாக நம்ம கடற்கரையில். அந்த வெள்ளையடிப்பைச் செய்யாமல் விட்டுவிட்டு, சுவர் அழுக்காக இருக்கிறது என்று புதுக் கட்டடம் விற்பதற்குப் பெயர் என்ன? தேர்வில் இப்படி எழுதினால் நம்மைப் பெயில் ஆக்குவார்கள். கடையில் சொன்னால் 'அப்கிரேடு' என்கிறோம்.

இன்னொரு புது வாதமும் காதில் விழுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, "இப்பவே மாத்திக்க". கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சதவீத வரியோடு 9,800 என்றால், பழைய வரியில் அது ஏறக்குறைய 10,450. மிச்சம் 650. அந்த 650ஐச் சேமிக்க 9,800 செலவு செய்யணுமாம். அதே வரிக் குறைப்பு 240 ரூபாய் ஒயருக்கும் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஏமாந்தவன், அதுதான் தகுதி. முதலாம் ஆண்டில் இதே கோளாறுக்குப் புது டிரெய்லர் 1,100 ரூபாய் கொடுத்துப் போட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, மறுபடியும் 'கிறீச்'. ஒயரை யாருமே தொடவில்லை! பழைய டிரெய்லர் இன்னும் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாங்கள் நண்பனின் சைக்கிளைப் பார்த்த அன்று அதையும் எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். படாரென்று திரும்பி வந்தது. வயிறு எரிந்தது.

கடைக்காரர்கள் எல்லாரும் கள்ளர்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் பொய். ஒயரைக் கழற்றி, அவுட்டரை அளவு பார்த்து வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, மாட்டி, சரிசெய்ய ஒரு மெக்கானிக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஆகும். அதற்குக் கூலி 150 ரூபாய் என்று சொல்லிப்பாருங்கள். "ஒரு ஒயர் மாத்தறதுக்கா?" என்று சண்டைக்குப் போவோம். நானே போயிருக்கிறேன். ஆனால் 1,100 ரூபாய் டிரெய்லர் டப்பாவோடு பளபளவென்று வந்தால் வாயை மூடிக்கொண்டு கொடுப்போம். பொருளுக்குக் காசு கொடுப்போம், உழைப்புக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் அவர் எதை விற்பார்? பொறுமையையா? எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருந்தார். காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். பத்து ரூபாய் கூலிக்கு அவரிடம் பேரம் பேசிய ஊர்தான் இது. இப்போது அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. 'டிக் டிக்' என்று எண்ணி விழும் கியரே ஒன்றும் ஆதிகாலத்துச் சங்கதி இல்லை. ஷிமானோ அதைக் கொண்டுவந்தது 1984இல். அதற்கு முன்னால் லீவரை நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒயர் கொஞ்சம் சிக்கினால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடலாம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே டிரெய்லர் கியரை 1937இல்தான் அனுமதித்தார்கள்; அதுவரைக்கும் அந்த மலைகளையெல்லாம் அது இல்லாமல்தான் ஏறியிருக்கிறார்கள். நமக்குத் திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு மேட்டுக்கு 21 போதவில்லை, 27 வேண்டுமாம்.

உடனே "அப்ப கியரே வேண்டாமா, பிளஸ் ஒன்னில் கொடுத்த அரசாங்க சைக்கிளையே ஓட்டலாமா" என்று கேட்பீர்கள். ஓட்டலாம், தப்பில்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து அப்புறம் எல்லாருக்கும் வந்த அந்தச் சைக்கிள் எத்தனையோ வீடுகளில் இன்னும் ஓடுகிறது, எண்ணெய் விட்டால் போதும். ஆனாலும் கியருக்கு எதிரி இல்லை நான். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எதிரில் அடிக்கும்போது அனுமந்தையிலிருந்து மரக்காணம் வரை மிதித்துப் பார்த்தவனுக்குத் தெரியும், இரண்டு கியர் இறக்குவதன் அருமை. பேப்பர் கட்டு கேரியரில் இருந்தால் இன்னும் தெரியும். கியர் வேலை செய்யணும், அதுதான் என் கட்சி.

நிஜமாகவே மாற்றவேண்டிய நேரமும் உண்டு. மிதியை அழுத்தி மிதிக்கும்போது செயின் 'டக்'கென்று வழுக்கினால் அது ஒயர் இல்லை, தேய்மானம். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலில் இன்ச் பக்கத்தைத் திருப்பிச் செயின் மேல் வையுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யம். புதுச் செயினில் 24ஆவது கண்ணியின் பின் மிகச்சரியாக 12 இன்ச்சில் நிற்கும். பதினாறில் ஒரு பங்கு இன்ச் தாண்டிவிட்டால் செயினுக்கு வயசாகிவிட்டது. எட்டில் ஒரு பங்கு தாண்டினால் ஃப்ரீவீலையும் சேர்த்துத் தின்றிருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும், "புதுச் செயின் டூப்ளிகேட்" என்று பழி போடுவோம். டிரெய்லரைப் பிடித்து ஆட்டினால் மூட்டுகளில் லொடலொடவென்று ஆடுகிறதா, அதையும் மாற்றுங்கள். அதே 7 ஸ்பீடு டிரெய்லர், அவ்வளவே. ஷிஃப்டர் 'டிக்' விழாமல் வழுக்கினால் உள்ளே கிரீஸ் காய்ந்து கோந்து ஆகியிருக்கலாம். ஸ்பிரே அடித்துக் கழுவி எண்ணெய் விட்டுப் பார்த்த பிறகு மாற்றலாம்.

ஒரு விஷயம், கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்று சாய்ந்தால் வரிசையாகப் பத்து சாயும் அல்லவா? வலது பக்கம் விழுந்தால் டிரெய்லர் தொங்கும் அந்தக் கொக்கி வளையும். பின்னால் நின்று பாருங்கள்: டிரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரமும் பின் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோணலாக நின்றால் எந்தத் திருகைத் திருகியும் பிரயோஜனம் இல்லை, முதலில் அதை நிமிர்த்த வேண்டும். எச், எல் என்று எழுதியிருக்கும் இரண்டு குட்டித் திருகுகளைத் தயவுசெய்து நோண்டாதீர்கள். அவை செயின் வெளியே விழாமல் காக்கும் வேலி. கியர் சரியாக விழவில்லை என்று முதலில் அதைத் திருகுவது, தலைவலிக்குக் கதவைக் கழற்றுவது மாதிரி.

நண்பனின் சைக்கிளுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். எவர்சில்வர் ஒயர் ஒன்று, நிஜமான கியர் அவுட்டர், ஓரத் தொப்பிகள், கொஞ்சம் எண்ணெய். பழைய அவுட்டரின் அளவை வைத்தே வெட்டினோம், அந்தக் கடைசி வளைவை மட்டும் ஒரு விரல் நீளமாக விட்டோம். வெட்டிய முனை நசுங்கி, உள்ளே குழாய் மூடியிருந்தது, ஊசியால் திறந்தோம். டிரெய்லருக்குப் பின்னால் இருக்கும் உருளைத் திருகைப் பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாக அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருகிக்கொண்டே வந்தோம். மூன்றாவது அரைச் சுற்றில் சத்தம் நின்றது. ஏழும் விழுந்தது. ஏறியது, இறங்கியது. அவன் தெருவில் இரண்டு ரவுண்டு அடித்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் டீ வாங்கிக்கொடுத்தான்.

ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். அவன் செயின் பதினாறில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது, எட்டைத் தொடவில்லை. ஜனவரியில் பாத்தி திறந்ததும் 7 ஸ்பீடு செயின் ஒன்று வாங்குவதாக இருக்கிறான். அதற்கு என்னிடம் கடன் கேட்கவில்லை.